தண்ணீர் ஊற்றியவளின் தட்டு

டிசம்பர் 9, திங்கள்

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

துறைத்தலைவர்கள் கூட்டம். எங்கள் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகத்தைக் காலி செய்து அந்த அறையில் பெரிய திரை மாட்டி ஸ்மார்ட் வகுப்பறை ஆக்கப் போவதாக நிர்வாகம் யோசிக்கிறது என்று முதல்வர் சென்னியப்பன் சார் சொன்னார். "பரிசோதனைய எல்லாம் வீடியோவுல காட்டிக்கலாமுங்களே மேடம். அங்க எப்பிடியும் பசங்க ஒண்ணும் செய்யறதில்லீங்களே" என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த செமஸ்டர்ல எங்க மூணாம் வருசப் பசங்க ஈஸ்ட்டுல ஜீன் குளோனிங் பண்ணப் போறாங்க சார். அவங்க கையாலயே" என்றேன். அதுவரை அப்படி ஒரு திட்டமே கிடையாது. அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே தெரியவந்தது.

"அப்படீங்களா. பொங்கல் கழிஞ்சு செயலாளர் அய்யா வர்றாருங்க. அவருகிட்டயே காட்டிருங்க. பாத்துட்டு லேப் இருக்கறதா போறதான்னு அவரே சொல்லட்டும்."

ஜீன் குளோனிங்கை நான் பதினான்கு வருடமாக நடத்துகிறேன், சாக்பீஸால். ஈஸ்ட்டுக்குள் ஒரு ஜீனை என் கையால் ஒருமுறைகூடச் செலுத்தியதில்லை. என் ஆய்வேட்டில் ஈஸ்ட் ஓர் அத்தியாயம்தான், அதுவும் படித்துவிட்டு எழுதிய அத்தியாயம். ஆனால் கல்லூரியில் எனக்கு ஈஸ்ட் மேடம் என்று பெயர். முனைவர் ரேணுகாதேவி என்று எழுதினால் கேன்டீனில் யாருக்கும் தெரியாது.

வரும் வழியில் தையல்காரியிடம் ரவிக்கை வாங்கினேன். கை இறுக்கமாகத் தைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 11, புதன்

பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் தோழி, கூரியரில் சிவப்பு ஈஸ்ட் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு குறிப்பு: "நீயா?"

மூன்றாம் வருடத்தில் மொத்தமே ஏழு பேர். அவர்களைச் சுற்றி நிற்கவைத்து விளக்கினேன். ரொட்டியை உப்பவைக்கும் அதே ஈஸ்ட்தான். ஆனால் இந்த ரகத்தில் ஒரு ஜீன் கெட்டுப்போயிருக்கிறது. அடினைன் என்ற சத்தை இதற்குச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது, நாம் கொடுத்தால்தான் பிழைக்கும். அந்தக் கோளாறால்தான் சிவப்பாக இருக்கிறது. நல்ல ஈஸ்ட்டிலிருந்து சரியான ஜீனை எடுத்து, பிளாஸ்மிட் என்ற குட்டி வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டி, சிவப்பு ஈஸ்ட்டுக்குள் அனுப்ப வேண்டும். பிறகு அடினைனே இல்லாத உணவுத் தட்டில் பரப்ப வேண்டும். ஜீன் கிடைத்த ஈஸ்ட் வெள்ளைப் புள்ளியாக வளரும். கிடைக்காதது பட்டினி கிடந்து சாகும்.

"மேம், நீங்க பண்றப்ப எத்தன புள்ளி வந்துச்சுங்க?" என்று கிஷோர் கேட்டான்.

"அதெல்லாம் எண்ண முடியாது" என்றேன். பொய் இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

ஜீனைப் பெருக்கி, நொதியால் வெட்டி, பிளாஸ்மிட்டையும் வெட்டி, இரண்டையும் ஒட்டவைத்தாயிற்று. ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டேன். நடந்தது ஒரு வாரம். இரண்டு தடவை கரண்ட் போனது. கிஷோர் நொதிக் குழாயை ஐஸில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் "நீங்களே யோசிங்க" என்று சொன்னேன். எனக்கு நல்ல ஆசிரியை என்று பேர் கிடைக்கும்போல இருக்கிறது.

தாரணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டும். சிவகிரிப் பக்கம் மஞ்சள் விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். அதிகம் பேச மாட்டாள். துளித்துளியாக அளந்து விடும் பைப்பெட்டைப் பிடித்தால் கை நடுங்குகிறது. அளவு பிரித்துக் காட்டும் ஜெல்லில் டி.என்.ஏ.வை விடச் சொன்னால் ஜெல்லையே குத்திக் கிழித்துவிட்டாள். "ரிசல்ட் வந்தாத்தாம்மா மார்க்கு, பாத்துச் செய்யி" என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஒட்டிய பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கி, திரும்ப எடுத்து, வெட்டிப் பார்த்தோம். ஜெல்லில் சரியான இடத்தில் சரியான கோடு, ஜீன் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். தூசி என்று சொன்னேன்.

டிசம்பர் 30, திங்கள்

இன்றுதான் முக்கியமான நாள். ஈஸ்ட்டைக் கழுவி, லித்தியம் உப்பில் ஊறவைத்து, விளக்கெண்ணெய் போல வழிகிற ஒரு பிசுக்குக் கரைசலைச் சேர்த்து, டி.என்.ஏ. விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, தட்டில் பரப்பினோம்.

ஒரு குழாயில் மட்டும் டி.என்.ஏ.வுக்குப் பதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றதெல்லாம் அதே மாதிரி. அதற்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். அந்தத் தட்டில் எதுவுமே முளைக்கக் கூடாது. முளைத்தால், வேறு எங்கிருந்தோ எதுவோ புகுந்துவிட்டது, மற்ற தட்டுகளில் வந்ததையும் நம்ப முடியாது என்று அர்த்தம்.

அதைத் தாரணியிடம் கொடுத்தேன். "நீ தண்ணி ஊத்திக்கம்மா" என்றேன். டி.என்.ஏ. கொஞ்சம்தான் இருக்கிறது, அவள் கையில் சிந்திவிட்டால் என்ன செய்வது. அவள் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். கன்ட்ரோல் என்றால் என்ன என்று விளக்க நேரமில்லை. போன வருடமே நடத்தியதுதான், இரண்டு மார்க் கேள்வி.

ஜனவரி 2, வியாழன்

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருக்கிறேன், நாளையும் இங்கேதான். குளோனிங் என்றால் ஆடு என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. பாதி மார்க் போட்டேன்.

மதியம் போன் விடாமல் அதிர்ந்தது. தட்டுகளை வெதுவெதுப்பாக வைத்திருந்த பெட்டியைப் பிள்ளைகள் திறந்து பார்த்துவிட்டார்கள். "வந்துருச்சு மேம்!!!" என்று எழுதி ஒரு படம். ஆளுக்கொரு தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளிக்கிறார்கள். சிவப்பு ஈஸ்ட், வெள்ளை வெள்ளையாய். பக்கத்து மேசைத் தமிழ்த்துறை ஐயாவிடம் படத்தைக் காட்டினேன். "மோர்ல பூஞ்சை புடிச்சாப்பல இருக்குதுங்க" என்றார். என் சந்தோஷத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

படத்தில் தாரணி இல்லை. அவள்தான் படம் எடுத்திருப்பாள்.

ஜனவரி 6, திங்கள்

எல்லாம் போயிற்று.

காலையில் நேராக ஆய்வகத்துக்கு ஓடினேன். எல்லாத் தட்டிலும் வெள்ளை. தாரணியின் கன்ட்ரோல் தட்டிலும் வெள்ளை. தண்ணீர் ஊற்றிய தட்டில் வெள்ளை ஈஸ்ட் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து ஏதோ புகுந்திருக்கிறது. அப்படியானால் மற்றவர்களுடையதும் அதேதான். நாங்கள் எதையும் குளோனிங் செய்யவில்லை, காற்றில் வந்த ஏதோ ஒன்றுக்கு ஒரு மாதமாக விருந்து வைத்திருக்கிறோம்.

வந்ததுதான் வந்தது, அவள் தட்டில் தாறுமாறாகக்கூட வரவில்லை. ஒரே அளவு இடைவெளி விட்டு, ஒரு வரிசை, அதற்கு இடுக்கில் அடுத்த வரிசை என்று அத்தனை ஒழுங்கு. இந்தக் கல்லூரியில் கிருமிகூட பிரேயருக்கு நிற்பது போல வரிசையில் நிற்கிறது.

பிள்ளைகளிடம் கத்தினேன். தும்மினீர்களா, ஃபேன் போட்டீர்களா, கிருமி அண்டாமல் இருக்க ஏற்றி வைத்த ஸ்பிரிட் விளக்கை அணைத்தீர்களா என்று. கிஷோரைத் தனியாக நிறுத்தி வைத்துக் கத்தினேன். அவன் முகம்தான் எப்போதும் குற்றவாளி முகம். எல்லாத் தட்டுகளையும் பெரிய குக்கரில் போட்டு வேகவைத்துக் கொட்டச் சொன்னேன். தாரணிதான் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

முதல்வரிடம் இன்னும் சொல்லவில்லை. சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

வீட்டுக்காரர் கேட்டார், "ஏன் ரேணு, ரெண்டு நாளா ரசத்துல உப்பே இல்ல?"

கன்ட்ரோல் என்றேன். அவருக்குப் புரியவில்லை, போய்விட்டார்.

ஜனவரி 10, வெள்ளி

கல்லூரியில் பொங்கல் விழா. என்னைக் கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோலம் போடவும் தெரியாது. தெரியாததை எடைபோடுவதில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம் என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் துறைக் கட்டத்தில் தாரணி குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் நடுவில் ஒரு நீள வரிசை. பிறகு மேலேயும் கீழேயும், இரண்டு புள்ளிக்கு இடுக்கில் ஒன்றாக. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. கோலப்பொடி பிடித்தபோது அவள் கை நடுங்கவே இல்லை.

அந்தப் புள்ளிகளை நான் எங்கேயோ பார்த்திருந்தேன்.

நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அழுதாள்.

"என்ர தட்டு மட்டும் காலியா இருந்துச்சுங்க மேம். எல்லாரும் தூக்கிப் புடிச்சு போட்டோ எடுத்தாங்க. எனக்குத் தூக்கிப் புடிக்க ஒண்ணுமே இல்லீங்க. என்ர தட்ட யாரும் பாக்கவும் இல்லீங்க. கை நடுங்குதுன்னுதான் என்னத் தண்ணி ஊத்தச் சொன்னீங்கன்னு தெரியுமுங்க. ஆனா அதுலயும் வரலீன்னா... ரிசல்ட் வந்தாத்தான் மார்க்குன்னீங்க."

"அதனால?"

"பிரதிக்ஷா தட்டுல இருந்து டூத்பிக்ல தொட்டுத் தொட்டு வெச்சேனுங்க. வரிசையா வெச்சா அழகா இருக்குமேன்னு..."

அவளைத் திட்டினேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். திட்டவில்லை. பரிசோதனை வெற்றி பெற்றிருந்தது. பிள்ளைகள் சரியாகச் செய்திருந்தார்கள். அவளுடைய காலித் தட்டுதான் அதற்கு ஒரே சாட்சி. அதை வெறும் தண்ணீர் என்று அவளிடம் கொடுத்தவள் நான். பிறகு எல்லாவற்றையும் குக்கரில் போட்டு வேகவைக்கச் சொன்னவளும் நான்.

"காலியா இருந்ததுதாம்மா உன்னோட ரிசல்ட்டு" என்றேன். அப்புறம் உட்காரவைத்து, அந்த இரண்டு மார்க் கேள்வியை முதல்முறையாக ஒழுங்காக நடத்தினேன்.

முதல் பரிசு வணிகவியல் துறைக்குக் கொடுத்தேன். எங்கள் துறைக் கோலம் புள்ளியோடு நின்றுவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் அடிபிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: "சனிக்கிழமை லேபுக்கு வர முடியுமா? தப்பு என்னுடையது, கிஷோருடையது இல்லை." கிஷோர் ஒரு கரும்புப் படம் அனுப்பினான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தாரணி என்ன செய்தாள் என்று எழுதவில்லை. அவளே பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

ஜனவரி 18, சனி

ஏழு பேரும் வந்தார்கள். மிச்சமிருந்த டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். பிசுக்குக் கரைசலும் பழசு. புதிதாக வாங்க நாள் இல்லை.

"கன்ட்ரோல் யாரு?" என்று கேட்டேன். "நானுங்க" என்றாள் தாரணி. நான் கேட்டு முடிப்பதற்குள் குழாயை எடுத்துக்கொண்டாள்.

ஒரு குழாய் கூடுதலாக இருந்தது. நானும் ஒன்று போட்டேன். தட்டின் அடியில் ரே.தே. என்று எழுதினேன். "மேம், நீங்களுமா?" என்றான் கிஷோர். "சும்மா, பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுன்னு" என்றேன். இல்லாத பழக்கம் எப்படி விட்டுப்போகும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

நாளை செயலாளர் வருகிறார். ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு, யாரும் வருவதற்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன்.

கிஷோரின் தட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். சட்டைப் பையில் நொதி வைத்தவனுக்கு. பிரதிக்ஷாவுடையதில் ஒன்று. தாரணியுடையது காலி, நன்றாக, சுத்தமாகக் காலி. மற்றவை எல்லாம் காலி. என்னுடையதும்.

கொஞ்சம் குளிராக இருந்ததால் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டேன். பல்லில் ஏதோ மாட்டியது போல இருந்ததால் டூத்பிக் டப்பாவைத் திறந்தேன். கிஷோரின் தட்டும் என்னுடைய தட்டும் மூடி திறந்து பக்கத்தில் இருந்தன. நன்றாகப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்தேன்.

வாசலில் தாரணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க மேம்?"

"பல் குத்தறேன்."

"சரிங்க மேம்" என்றாள். ஆனால் போகவில்லை. உள்ளே வந்து பையை வைத்துவிட்டு, மேசைக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவும் இல்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டுகளை மூடினேன். விளக்கை அணைத்தேன். குளிர் ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, புதன்

செயலாளர் அய்யா வந்தார். நூல் மில் வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார். கூடவே முதல்வர்.

கிஷோர் தன் தட்டைக் காட்டி, சிவப்பு எப்படி வெள்ளை ஆனது என்று மூச்சுவிடாமல் சொன்னான். அய்யா தலையாட்டினார். பிறகு தாரணியுடைய தட்டை எடுத்தார்.

"இதென்ன கண்ணு, இதுல ஒண்ணையுங் காணோம்?"

"இதுல டி.என்.ஏ. போடலீங்க அய்யா. தண்ணி ஊத்தினேனுங்க. ஒண்ணும் வரக் கூடாதுங்க." அவர் கையிலிருந்த தட்டைச் சுட்டிக் காட்டினாள். "எங்க தோட்டத்துல மஞ்சளுக்குப் புது உரம் போட்டா, அப்பா ஒரு பாத்திக்கு மட்டும் போடாம உட்டுருவாருங்க. அதப் பாத்தாத்தானுங்க உரம் வேல செஞ்சுதா மழ வேல செஞ்சுதான்னு தெரியும். இது அந்தப் பாத்திங்க."

அய்யா அதை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்ததை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "ரே.தே. இதும் உரம் போடாத பாத்தியா?"

"ஆமாங்க அய்யா, அதும் கன்ட்ரோல்தானுங்க" என்றார் முதல்வர். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இத்தனை வருடமும் அதைத்தான் செய்தேன். எதிரில் தாரணி நின்றாள். இன்று அவள் சன்னலைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க அய்யா" என்றேன். "அது என்னோடதுங்க. எல்லாம் போட்டேன். எனக்கு வரலீங்க."

முதல்வர் கூரையைப் பார்த்தார்.

"நீங்கதான பாடம் நடத்தறீங்க?" என்று அய்யா கேட்டார்.

"ஆமாங்க."

"பசங்களுக்கு வந்திருக்குது?"

"அவங்க ஒரு மாசமாச் செஞ்சாங்க. நான் இப்பத்தானுங்க மொதல் தடவ செய்யறேன்."

அந்த வாக்கியமும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கிஷோர் வாயைப் பிளந்தான். அய்யா என் தட்டைத் தாரணியுடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. ஆனால் தூக்கம் நன்றாக வந்தது.

ஜனவரி 24, வெள்ளி

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்மார்ட் வகுப்பறை வணிகவியலுக்குப் போகிறதாம். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

"எல்லாத் தட்டும் நெறஞ்சிருந்தா எங்கியோ வாங்கிட்டு வந்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சிருப்பேன்னு சொன்னாருங்க அய்யா. லேப் இருக்கட்டுமாம். அடுத்த வருசம் பாக்கலாமுன்னாரு."

இந்தக் கல்லூரியில் 'பாக்கலாம்' என்பதைவிட உறுதியான பதிலை இதுவரை யாரும் வாங்கியதில்லை. பிள்ளைகளுக்குக் கேன்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ரெக்கார்டு நோட்டில் ரிசல்ட் என்ற இடத்தில் வந்ததை மட்டும் எழுதுங்கள், வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதுங்கள், மார்க் செய்ததற்குத்தான் என்றேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே மேம்" என்றான் கிஷோர். பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

புதிய கரைசல் வந்தது. போன வியாழக்கிழமை நான் இரண்டாம் தடவையாகப் போட்டேன். தாரணி கன்ட்ரோல் போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை திறந்து பார்த்தோம். அவளுடையது காலி. என்னுடையதில் ஒன்றே ஒன்று. நடுவிலும் இல்லை, வரிசையிலும் இல்லை. தட்டின் ஓரத்தில், கிட்டத்தட்ட விழுந்துவிடும் இடத்தில், குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது.

தாரணி போனை எடுத்தாள். "தூக்கிப் புடிங்க மேம்" என்றாள்.

"நீயும் உன்னோடதத் தூக்கிப் புடி" என்றேன். கிஷோரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னோம்.